மௌனமாக நேரும் சேதம்

மூளையின் இரத்த நாளங்களில் நேரும் கேடு அறிவைத் தளர்த்தும் விதத்தைப் படக்கருவிகள் எவ்வாறு வெளிப்படுத்தின? அதை அறிந்த நாம் செய்யவேண்டியது என்ன?

முதியவர் ஒருவர் பேச்சின் நடுவே சொல்லைத் தேடித் தடுமாறினாலும், நேற்றுவரை தாமே கவனித்துவந்த வரவு செலவுக் கணக்கைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினாலும், நடை தளர்ந்து அடிகளைக் குறுக்கிக் குறுக்கி வைத்தாலும், அதற்கெல்லாம் காரணம் வயது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். வைத்திய சாஸ்திரமும் வெகுகாலம் இந்த வழக்கத்துக்கு இடங்கொடுத்தே வந்தது. உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையை, மண்டையோட்டைத் திறவாமல், நோவின்றிப் பார்க்கும் உபாயம் பிறந்த பின்னரே, அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடந்த காரணங்கள் தனித்தனியே பிரிந்து தெரியலாயின. அவற்றுள் முக்கியமான ஒன்று, மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்ணிய நாளங்களில், எவ்வித முன்னறிவிப்புமின்றி ஆண்டுக்கணக்கில் நேர்ந்துவரும் சேதம். அந்தச் சேதத்தில் கணிசமான பகுதி தடுக்கக்கூடியது என்பதும் இன்று தெளிவாகி வருகிறது. வைத்தியர்களுக்குத் தெரிந்த இந்தச் செய்தி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியவேண்டும்.

இறந்த பின்னரே பார்த்த காலம்

இந்த வியாதியின் சரித்திரம் பிரேதப் பரிசோதனைச் சாலைகளில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்ஸ் தேசத்து வைத்தியர்கள், முதியோரின் மூளையை அறுத்துப் பார்த்தபோது அதன் ஆழ்ந்த பகுதிகளில் சிறு சிறு குழிகள் இருப்பதைக் கண்டு, அவற்றுக்கு லாக்கூன் என்று பெயரிட்டார்கள். 1843-ல் மாக்ஸிம் துரான்-ஃபார்டெல் மூளை மென்மையடையும் நோயைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். 1894-ல் ஓட்டோ பின்ஸ்வாங்கர் மூளையின் உட்புற வெண்பகுதி சிதைந்து அறிவு மங்கும் நிலையொன்றை விவரித்தார். பிற்காலத்தில் வேறொரு மறதி நோய்க்குத் தம் பெயரைத் தந்த அலோய்ஸ் அல்ஸைமரும், அதற்கு முன்பே, நாளங்கள் தடித்துப் போவதால் மூளை கெடும் விதத்தை ஆராய்ந்து எழுதியிருந்தார்.

இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் சிகரமாக விளங்கியது, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மில்லர் ஃபிஷர் என்னும் நரம்பியல் நிபுணர் 1965-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூளைகளைப் பொறுமையாக அறுத்துப் பார்த்து, 114 மூளைகளில் அத்தகைய குழிகளைக் கண்டார். அவற்றுக்கு உரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே வாழ்நாளில் இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது என்பது அவர் கண்ட உண்மைகளில் தலையாயது. ஆனால் அந்த உண்மை அவருக்குக் கிட்டியபோது, அதனால் பயன்பெற வேண்டியவர்கள் உயிரோடு இல்லை. சேதம் எப்போது தொடங்கிற்று, எவ்வளவு காலம் வளர்ந்தது, இடையில் தடுத்திருக்கக் கூடுமா என்னும் வினாக்களுக்குப் பிரேதப் பரிசோதனையால் விடையளிக்க இயலவில்லை.

இதற்கிடையே வைத்திய உலகின் அபிப்பிராயமும் இரு திசைகளில் மாறி மாறிச் சென்றது. முதுமையில் புத்தி மங்கினால் மூளையின் நாளங்கள் கெட்டிப்பட்டுவிட்டன என்று பொதுவாகச் சொல்லிவந்த நிலை மாறி, 1970-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரைச் சேர்ந்த டாம்லின்சன், பிளெஸ்ஸட், ராத் ஆகிய மூவரும் மறதி நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும் பகுதியில் அல்ஸைமர் கண்ட மாறுதல்களே காரணமென்று காட்டினார்கள். 1974-ல் ஹாச்சின்ஸ்கி, லாசென், மார்ஷல் ஆகியோர், நாளக்கேடு புத்தியைக் கெடுப்பது மூளைக்குச் செல்லும் இரத்தம் மெள்ள மெள்ளக் குறைவதனாலன்று, சிறிதும் பெரிதுமாகப் பல இடங்களில் திசுக்கள் மாண்டுபோவதனாலேயே என்று வாதித்தார்கள். எந்த வாதம் எவ்வளவு தூரம் சரியென்று தீர்மானிக்க வேண்டுமானால், வாழும் மனிதரின் மூளையைப் பார்த்தே ஆகவேண்டும்.

மண்டையோட்டுக்குள் பாய்ந்த பார்வை

ராண்ட்கன் 1895-ல் கண்டுபிடித்த எக்ஸ்-ரே மண்டையோட்டின் எலும்பைக் காட்டியதேயன்றி உள்ளிருக்கும் மூளையைக் காட்டவில்லை. 1919-ல் வால்டர் டாண்டி முதுகுத் தண்டின் வழியே காற்றைச் செலுத்தி மூளையின் உட்குழிகளைப் படமெடுத்தார். 1927-ல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் நாளங்களில் மருந்தைச் செலுத்தி அவற்றின் கிளைகளைப் படமாக்கினார். இவை நோயாளிக்கு வேதனையும் அபாயமும் தந்த முறைகளாதலால், மறதியுற்ற முதியவர்களை ஆயிரக்கணக்கில் ஆராய்வதற்கு உதவக்கூடியவையாக இல்லை.

1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், லண்டனின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலாளர் அமைத்த யந்திரத்தில் ஒரு பெண்மணியின் தலை படமெடுக்கப்பட்டபோது, அந்த நிலைமை மாறிற்று. பல கோணங்களிலிருந்து எக்ஸ்-ரே கதிர்களைச் செலுத்தி, அவை எவ்வளவு தடைப்படுகின்றன என்பதை அளந்து, மூளையின் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் கம்ப்யூட்டரால் கணக்கிட்டுப் படமாக்கும் அந்த முறையே இன்று எல்லோரும் அறிந்த சி.டி. ஸ்கேன். ஹவுன்ஸ்ஃபீல்டும், அதன் கணித அடிப்படையைத் தனியே வகுத்த ஆலன் கார்மாக்கும் 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சி.டி. ஸ்கேன் பரவியதும், யாரும் எதிர்பாராத ஒரு காட்சி வைத்தியர்களின் கண்ணில் அடிக்கடி படலாயிற்று. பக்கவாதமே வந்திராத முதியவர்கள் பலருடைய மூளையில், உட்குழிகளைச் சுற்றியுள்ள வெண்பகுதி மங்கி அடர்த்தி குறைந்து தோன்றியது. அது நோயா, முதுமையின் இயல்பா என்பது புலப்படாத நிலையில், கானடாவிலிருந்து ஹாச்சின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1987-ல், காரணத்தைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கூறாமல், அதற்கு லூக்கோஅரயோசிஸ் என்று பெயர் மட்டும் வைத்து, ஆராய்க என்று உலகத்துக்கு விட்டார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரியாவின் ஃபாஸெகாஸ், எம்.ஆர்.ஐ. படங்களில் அம்மாறுதலின் கடுமையைப் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பிடும் எளிய அளவுகோலை வகுத்தார். அந்த அளவுகோல் இன்றும் நம் ஊர் ஸ்கேன் அறிக்கைகளில் அவர் பெயரோடு இடம்பெறுகிறது.

எம்.ஆர்.ஐ. என்பது கதிர்களின் துணையின்றி, காந்த சக்தியாலும் ரேடியோ அலைகளாலும் இயங்கும் முறை. 1973-ல் பால் லாட்டர்பர் அதன் முதற்படங்களை வெளியிட்டார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை வளர்த்தார். இருவரும் 2003-ல் நோபல் பரிசு பெற்றனர். சாதாரணமாக மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா யந்திரத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வலியது. அந்தப் புலத்தில், உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் நுண்ணிய ஒலிபரப்பை வாங்கிப் படமாக்குவதே அதன் தத்துவம். சிதைந்த திசுவில் நீர் மிகுதியாகிறது, ஆகவே சி.டி.யில் மங்கலாகத் தெரிந்த அதே இடம் எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று வெண்மையாகத் துலங்குகிறது. நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்று அளக்கும் மற்றொரு முறை, பக்கவாதத்தின் முதற்சில மணி நேரத்துக்குள்ளேயே பாதிப்புற்ற இடத்தைக் காட்டிவிடுகிறது. மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நரம்பிழைகள் செம்மையாக உள்ளனவா என்பதையும் அதனாலேயே அறிய முடிகிறது.

கடைமடையின் துயரம்

வெண்பகுதி ஏன் முதலில் கெடுகிறது என்பதை அறிய, மூளையின் இரத்த விநியோகத்தைச் சிறிது நோக்கவேண்டும். உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் பெறும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் சக்தி மூளைக்கு இல்லை. மூளையின் மேற்புறத்திலிருந்தும் அடிப்புறத்திலிருந்தும் உள்நோக்கிச் செல்லும் மயிரிழை போன்ற நீண்ட நாளங்கள், தம்முள் இணையாமல், ஒவ்வொன்றும் தனக்குரிய பகுதிக்கு மாத்திரம் இரத்தம் தருகின்றன. ஆற்றில் நீர் குறைந்தாலும் வாய்க்கால் தூர்ந்தாலும் முதலில் வாடுவது கடைமடைப் பயிர் என்பது காவிரிப் பாசனத்தில் வாழ்ந்த எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூளையின் ஆழ்ந்த வெண்பகுதி அத்தகைய கடைமடையில் இருக்கிறது. பல்லாண்டுகளாக இரத்த அழுத்தம் மிகுந்திருந்தால் இந்தச் சிறு நாளங்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் இயல்பையும் இழந்துவிடுகிறது. நீரிழிவும் புகைப்பழக்கமும் முதுமையும் அக்கேட்டை மிகுவிக்கின்றன.

வெண்பகுதி என்பது மூளையின் தூரத் தூரமான பிரதேசங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் நரம்பிழைகளின் தொகுதி. ஆகவே அது சிதையும்போது மறதியைக் காட்டிலும் வேறு குறைகளே முதலில் தலைகாட்டுகின்றன: யோசனை மந்தமாகிறது, ஒரு காரியத்தைத் திட்டமிட்டு வரிசையாக முடிக்கும் திறன் குன்றுகிறது, எதிலும் ஊக்கமின்றி ஒதுங்கியிருக்கும் மனநிலை உண்டாகிறது, நடை தடுமாறுகிறது, சிறுநீரை அடக்கும் சக்தி குறைகிறது. பழைய சம்பவங்களும் பேரன் பேத்தியரின் பெயர்களும் நினைவில் இருப்பதால், இவருக்கு ஒன்றுமில்லை, சோம்பலே என்று குடும்பத்தார் எண்ணிவிடுகிறார்கள். சோம்பலென்றும் பிடிவாதமென்றும் முதியவர்மேல் சுமத்தப்படும் குற்றங்களில் எத்தனை, உண்மையில் நாளக்கேட்டின் அறிகுறிகளோ! இந்த அறியாமையால் நேரும் மனத்தாங்கல் கொஞ்சமன்று.

ரோட்டர்டாம் தந்த விடை

படத்தில் காணும் சேதத்துக்கும் பிற்காலத்து அறிவுத் தளர்ச்சிக்கும் தொடர்பு உண்டென்பதை நிரூபிக்க, நோயாளிகளைப் பார்த்தால் போதாது. ஆரோக்கியமாக நடமாடும் சாதாரண மக்களைப் படமெடுத்து, பிறகு பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கவேண்டும். ஹாலந்து தேசத்தில் 1995, 1996-ஆம் ஆண்டுகளில் 60 முதல் 90 வயது வரையுள்ள 1,077 பேரை வைத்து நடந்த ரோட்டர்டாம் ஸ்கேன் ஆராய்ச்சி அத்தகையது. அவர்களுள் வெண்பகுதியில் எந்த மாறுதலும் இல்லாதவர்கள் நூற்றுக்கு ஐவரே. ஐந்தில் ஒருவருடைய மூளையில், அவர் அறியாமலே நேர்ந்து முடிந்த சிறு பக்கவாதத்தின் வடு காணப்பட்டது. கைகால் விழாமல், வாய் கோணாமல், ஒரு நாள் வேலையைக்கூடத் தடுக்காமல் நேரும் இத்தகைய மௌனமான பக்கவாதங்கள், வெளிப்படையாகத் தெரியும் பக்கவாதங்களைவிடப் பன்மடங்கு மிகுதி என்பது அப்போது நிலைபெற்றது.

அவர்களுள் மறதி நோயில்லாத 1,015 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலைக்குரியது. மௌனமான வடு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் மற்றவர்களுக்குள்ளதைப்போல் இரு மடங்குக்கு மேலாக இருந்தது. வடு தலாமஸ் என்னும் ஆழ்ந்த பகுதியில் இருந்தால் ஞாபக சக்தியும், பிற இடங்களில் இருந்தால் சிந்தனையின் வேகமும் குறைந்தன என்று, இடத்துக்கேற்ப விளைவு வேறுபடுவதையும் அந்த ஆராய்ச்சி காட்டிற்று. மௌனமென்று பெயரிட்டது நம் காதுக்குக் கேளாமையால். மூளை அதன் பலனை அனுபவித்தே வந்திருக்கிறது.

இரு நோய்கள் கைகோக்கும் இடம்

நாளக்கேட்டால் வரும் அறிவுத் தளர்ச்சி ஒன்று, அல்ஸைமர் நோய் வேறொன்று என்று பாடநூல்கள் பிரித்துக் காட்டினாலும், முதியவரின் மூளையில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே குடியிருக்கின்றன. அமெரிக்காவில் நோத்ரதாம் சபையைச் சேர்ந்த 678 கன்னியாஸ்திரீகள் தங்கள் வாழ்நாளில் பரிசோதனைகளுக்கு உடன்பட்டு, மரணத்துக்குப் பின் தங்கள் மூளைகளையும் ஆராய்ச்சிக்குத் தானமளித்தார்கள். டேவிட் ஸ்னோடன் தலைமையில் நடந்த அந்த ஆராய்ச்சியில் 1997-ல் வெளியான ஒரு முடிவு மறக்கத்தகாதது. அல்ஸைமர் மாறுதல்கள் மூளையில் நிறைந்திருந்த சகோதரிகளுக்குள், ஆழ்ந்த பகுதிகளில் ஓரிரு சிறு குழிகளும் சேர்ந்திருந்தவர்கள் மறதி நோயின் பிடியில் மிக அதிகமாகச் சிக்கியிருந்தார்கள். அல்ஸைமர் மாறுதல் இல்லாதவர்களிடத்திலோ அதே குழிகள் அவ்வளவு கேடு செய்யவில்லை. தனித்து வந்தால் மூளை தாங்கக்கூடிய சுமையை, இரண்டாவது சுமையும் சேர்ந்தபோது தாங்க முடியவில்லை. அல்ஸைமர் நோயை முற்றிலும் தடுக்க நம்மிடம் மார்க்கமில்லாத இந்நாளில், அந்த இரண்டாவது சுமையைக் குறைக்க முடியுமென்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

படக்கருவிகள் இந்தக் கூட்டுறவை இப்போது உயிரோடிருப்பவர்களிடமே காட்டுகின்றன. அல்ஸைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதத்தைப் பெட் ஸ்கேன் என்னும் வேறொரு படமுறையில் காட்டக்கூடிய மருந்தை, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த கிளங்க், மாத்திஸ் ஆகியோர் ஆக்கி, அதன் பயனை 2004-ல் வெளியிட்டனர். எம்.ஆர்.ஐ.யின் மற்றொரு முறை, நாளச் சுவரிலிருந்து கசிந்து உறைந்த அணுவளவு இரத்தத்தைக் கரும்புள்ளிகளாகக் காட்டுகிறது. அந்தப் புள்ளிகள் மூளையின் ஆழத்தில் இருந்தால் இரத்த அழுத்தத்தின் விளைவென்றும், மேற்புற மடல்களில் மாத்திரம் இருந்தால் நாளச் சுவரிலேயே அமிலாய்டு படிந்ததன் விளைவென்றும் வைத்தியர் ஊகிக்கலாம். அமிலாய்டை நீக்கும் லெக்கனெமாப் போன்ற புதிய மருந்துகளைக் கொடுக்குமுன் இந்தப் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பது அவசியமாகிவிட்டது. மிகுதியாக இருந்தால் மருந்தே இரத்தக் கசிவை உண்டாக்கும் அபாயமுண்டு.

படம் சொல்லாதவை

இவ்வளவு சிறப்புக்களையும் கூறியபின், படத்தின் எல்லையையும் கூறுவது கடமை. மருத்துவமனைகளில் பொதுவாக உள்ள யந்திரங்களால் அந்தச் சிறு நாளங்களையே காண முடிவதில்லை. அவை கெட்டதால் திசுவில் நேர்ந்த விளைவுகளையே காண்கிறோம். ஆராய்ச்சிக்கூடங்களில் உள்ள 7 டெஸ்லா யந்திரங்களே அவற்றிற் சிலவற்றைக் காட்டத் தொடங்கியிருக்கின்றன. ஆகவே படத்தில் தெரிவது பெரும்பாலும் சம்பவத்துக்குப் பிந்திய சாட்சியம்.

மேலும், ஒரே அளவு சேதமுள்ள இருவர் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒருவர் தம் அலுவல்களைத் தாமே செவ்வனே நடத்திக்கொள்வார். மற்றவர் சட்டை மாட்டிக்கொள்ளவும் துணை தேடுவார். கல்வியும், ஓயாத மனப்பயிற்சியும், உறவோடு கலந்து வாழ்வதும், கூடவே வேறு நோயில்லாமையும் இந்த வேற்றுமைக்குக் காரணங்கள். எனவே, தலைவலிக்கென்று எடுத்த ஸ்கேனின் அறிக்கையில் சிறு நாளங்களில் இரத்தவோட்டக் குறைவால் நேர்ந்த மாறுதல்கள் என்னும் வாக்கியத்தைப் படித்ததும், அறிவு போய்விடுமோ என்று கலங்குவது பொருந்தாது. வயதுக்கேற்ப அப்படித்தான் இருக்கும் என்று அறிக்கையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவதும் பொருந்தாது. அந்த வாக்கியத்தைப் படித்தவர் செய்யவேண்டியது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்த்து, நடையிலும் யோசனையிலும் நேர்ந்துள்ள மாறுதல்களை வைத்தியரிடம் மனம்விட்டுச் சொல்வது.

தடுக்கும் வழி

இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் மூளையின் சேதம் குறையுமா என்பதை அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்த ஸ்பிரிண்ட் ஆராய்ச்சி சோதித்தது. ஒரு பிரிவினருக்கு மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழும், மற்றப் பிரிவினருக்கு 120-க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, கடுமையாகக் கட்டுப்படுத்திய பிரிவில், மறதி நோய்க்கு முற்படியான இலேசான அறிவுத் தளர்ச்சி 19 சதவீதம் குறைந்தது. முற்றிய மறதி நோய் குறைந்ததாகத் தோன்றினும், அந்தக் குறைவு கணித ரீதியாக உறுதிப்படவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டவர்களுக்குள், சுமார் நான்கு ஆண்டுகளில், வெண்பகுதிச் சேதம் கடுமையாகக் கட்டுப்படுத்திய பிரிவில் 0.92 கன சென்டிமீட்டரும், மற்றதில் 1.45 கன சென்டிமீட்டரும் வளர்ந்தது. பிரேதப் பரிசோதனைக் காலத்தில் விடைகாணவே இயலாதிருந்த வினாவுக்கு, அழுத்தமானியும் எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்து விடையளித்திருக்கின்றன.

அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் நகரில் 1948 முதல் நடந்துவரும் ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே 1970-களின் பிற்பகுதியிலிருந்து மூன்று பதிற்றாண்டுகளில், ஒவ்வொரு வயதிலும் மறதி நோய் புதிதாக வரும் விகிதம் பதிற்றாண்டுக்குச் சராசரியாக 20 சதவீதம் குறைந்துவந்தது என்று 2016-ல் தெரியவந்தது. ஆனால் அக்குறைவு உயர்நிலைப் பள்ளிக் கல்வி முடித்தவர்களிடையே மட்டும் காணப்பட்டது என்னும் செய்தி, சுகாதாரமும் கல்வியும் தனித்தனி விஷயங்களல்ல என்பதை அரசினருக்கு உணர்த்தவேண்டும். மறதி முதுமையின் மாற்ற முடியாத விதியாக இருக்குமாயின், ஒரே ஊரில், ஒரே வயதினரிடையே அது இவ்வாறு குறைந்திருக்க நியாயமில்லை.

நம் தேசத்திலும் இத்தகைய முயற்சி தொடங்கிவிட்டது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டாரத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், 45 வயதுக்கு மேற்பட்ட கிராம மக்களைத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. மூளைப் படங்களும் அப்பரிசோதனையில் அடங்கும். ஹாலந்து நகரவாசிகளின் மூளையிலிருந்து பெற்ற கணக்கைக் கொண்டு நம் கிராமத்து உழவரின் எதிர்காலத்தை அளப்பது எவ்வளவு பொருந்தும் என்பதற்கு இத்தகைய பணியே விடைகூற வேண்டும்.

அந்த விடை வரும்வரை காத்திருக்க வேண்டாத காரியங்களும் உள்ளன. எம்.ஆர்.ஐ. யந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. எல்லோருக்கும் அது தேவையுமில்லை. இரத்த அழுத்தம் அளக்கும் கருவியோ ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் இருக்கிறது. அழுத்தம் மிகுந்தவருக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. அதனாலேயே நாற்பது வயதில் அளந்து பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்; மருந்து தொடங்கியவர்களும் சரியாகிவிட்டது என்று ஒரு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாற்பதாவது வயதின் அலட்சியமே எழுபதாவது வயதின் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது என்பதே இவ்வளவு ஆராய்ச்சியும் நமக்குச் சொல்லும் பாடம். உப்பைக் குறைத்து, புகையை விட்டு, தினமும் நடந்து, அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளவுக்குள் வைத்திருப்பவர் தம் இருதயத்தைக் காப்பாற்றிக்கொள்வதோடு, தம் யோசனையையும் நடையையும் சுயேச்சையையும் காப்பாற்றிக்கொள்கிறார். நாற்பதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறையாவது இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்வதும், மந்தமாகிவரும் முதியவரை வயதென்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டால், விஞ்ஞானிகள் பட்ட பிரயாசை வீண்போகாது.